பெயருக்குப் பொருந்தாத லிப்ட்காரர்

இந்தக் கதையின் நாயகனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. அனுமதி கேட்டுப் பெயர்ப் பொருத்த ஆணையத்துக்குப் போய்ப் பார்த்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க, அது உங்களுக்குப் பொருந்துதான்னு பாத்துடலாம்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். ஆகவே அவரை லிப்ட்காரர் என்றே சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்ட் ஏறி இறங்குவது அவரால்தான். ஏழாம் மாடியில் குடியிருக்கும் எனக்கு அவரைவிட முக்கியமான மனிதர் இந்த ஊரில் கிடையாது.

பெயரின் பொருளைச் சொல்லத் தடையில்லை. அஞ்சாதவர் என்று பொருள்.

லிப்ட்காரர் எல்லாவற்றுக்கும் பயப்படுவார். நாய்க்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம், பால் பொங்கி வரும் சத்தத்துக்குக்கூடப் பயம். உயரம் என்றால் கேட்கவே வேண்டாம். பிறகு ஏன் ஐயா இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பயம் இருக்கிறவன்தான் சார் பிரேக்கை ரெண்டாந்தரம் பாப்பான்" என்றார். அன்றிலிருந்து நான் லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறேன்.

லிப்ட் பழுது பார்க்கும் அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மொட்டை மாடியில் மோட்டார் அறை, அங்கே ஃபோர்மேன். தரைக்கும் கீழே ஒரு குழி, அங்கே ஒருவர். நடுவில் ஏதோ ஒரு மாடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னொருவர். லிப்ட் பெட்டியை நகர்த்துவதற்கு முன்னால் ஃபோர்மேன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் ஒதுங்கி நின்று தன் பெயரைத் தானே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரி' என்று சொல்லக் கூடாது. யாரோ யாருக்கோ வீட்டுக்குள்ளிருந்து சொன்ன 'சரி'யைக் கேட்டுப் பெட்டியை நகர்த்தி, ஒருவருக்குக் கால் போன கதை அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாமா, மச்சான் என்றும் கூப்பிடக் கூடாது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் யாராவது யாரையாவது மாமா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். லிப்ட்காரரோடு வேலை பார்த்தவன் அவருடைய மனைவியின் தம்பி. வெளியே 'மாமா, மாமா' என்று வால் பிடித்துக்கொண்டு திரிகிற அந்த மச்சினன், குழி வாசலுக்கு வந்துவிட்டால் கணீரென்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "உள்ள இறங்கியாச்சுன்னா மாமாவும் இல்ல, மாப்ளயும் இல்ல. பேரு மட்டும்தான்" என்பது ஃபோர்மேன் வாக்கு.

இப்படிப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆணையம் வந்தது. திறப்பு விழாவில் தலைவர் பேசிய பேச்சு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. "பெயர் என்பது ஒரு வாக்குறுதி. பெற்றோர் சமுதாயத்துக்குக் கொடுத்த வாக்குறுதி. அறிவு என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் கணக்குப் பாடத்தில் தோற்றால், அது தோல்வி அல்ல, மோசடி. நாங்கள் யாரையும் தண்டிக்க வரவில்லை. பெயர்களுக்கு நியாயம் கிடைக்கச் செய்ய வந்திருக்கிறோம்" என்றார். தலைவரின் பெயருக்குப் பணிவு என்று பொருள். "பணிவில் என்னை மிஞ்சக்கூடியவன் எவனாவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் மேடைக்கு வரட்டும் பார்க்கலாம்!" என்று சவாலும் விட்டார். யாரும் போகவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனதாம்.

எங்கள் கட்டடத்தில் முதலில் மாட்டியது மூன்றாம் மாடிப் பெண்மணி. அவர் பெயருக்கு அமைதி என்று பொருள். குழாய்த் தண்ணீர் விஷயமாகப் பக்கத்து வீட்டாரோடு குரலை உயர்த்திவிட்டார் என்று புகார் போயிற்று. அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று ஆணையத்தில் போய்ச் சத்தம் போட்டார். அதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது லிப்ட்காரர். அவர் வீட்டுக்கு ஒரு கள அலுவலர் வந்தார். மெலிந்த மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு கட்டுக் காகிதப் பை. மரியாதையாகத்தான் பேசினார்.

"ரத்தாகிற பேரெல்லாம் வீணாப் போகாதுங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு சீனியாரிட்டிப்படி குடுத்துடுவாங்க. எங்கப்பா எனக்கு வெச்ச பேர் ஏதோ சுமார். உண்மையைச் சொல்றேன், உங்க பேர் மேல எனக்கு ஒரு கண்ணு. ஆனா கடமைன்னு வந்துட்டா நான் ரொம்ப நேர்மை பாக்கிறவன்."

லிப்ட்காரரின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். லிப்ட்காரர் டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, நேர்மையான மனிதர் காகிதப் பை ஒன்றை ஊதி அவர் காதருகே உடைத்தார். டீ முழுக்க அலுவலரின் மடிப்புக் கலையாத சட்டையில். கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே, "துள்ளல், உரத்த குரலுடன்" என்று சொல்லிக்கொண்டு குறித்துக்கொண்டார்.

விசாரணைக்குத் துணையாக என்னையும் கூப்பிட்டார்கள், போயிருந்தேன். நீளமான கூடம். ஆணையத்தாரின் நாற்காலிகள் உயரம், வந்தவர்களின் நாற்காலிகள் முழங்கால் மோவாயில் இடிக்கும் அளவுக்குத் தாழ்வு. முதல் சாட்சியாக லிப்ட்காரரின் அம்மாவை அழைத்தார்கள். முட்டி வலியோடு வந்து நின்றார்.

"இந்தப் பெயரை வைத்தது நீங்கள்தானே?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

"அப்போது இவருடைய வயது என்ன?"

"பொறந்து கொஞ்ச நேரம்தாங்க ஆயிருந்துச்சு."

"அந்தக் கொஞ்ச நேரத்தில் இவர் வீரச் செயல் ஏதாவது செய்தாரா?"

"அழுதானுங்க."

கூடத்தில் சலசலப்பு. தலைவர் மேசையைத் தட்டினார். "அழுதவருக்கு அஞ்சாதவர் என்று பெயர்! எந்த ஆதாரத்தின் பேரில் வைத்தீர்கள்?"

"ஆதாரமெல்லாம் தெரியாதுங்க. எனக்குத்தான் பயமா இருந்துச்சு. வெளிய ஒரே இடியும் மழையும். கரண்டு போயிடுச்சு. இவங்கப்பா இன்னும் வந்து சேரல. நர்சம்மா பக்கத்து ரூமுக்குப் போயிட்டாங்க. இருட்டுல இவனைத் தடவிப் பாத்தேன். ஏதாவது சொல்லிக் கூப்பிடணும் போல இருந்துச்சு. கூப்பிட்டா எனக்குத் தைரியம் வரணும். அதான் அப்படி வெச்சேன். இன்னைக்கும் இடி இடிச்சா கூப்பிடுவேன். வந்து பக்கத்துல உக்காந்துக்குவான்."

"அப்படியென்றால் அவருக்கு இடி பயம் கிடையாதா?"

"ஐயோ, அவனுக்கு என்னைவிடப் பயம். ஆனா வந்துடுவான்."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "குறித்துக்கொள்ளுங்கள்! பெயர் தாங்கியவரின் உபயோகத்துக்காக இந்தப் பெயர் வைக்கப்படவே இல்லை. தாயார் தன் சொந்த உபயோகத்துக்காக வைத்திருக்கிறார். ஒரு பச்சைக் குழந்தையைத் தன் பயத்துக்கு மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார். இத்தனை வருடமாகப் பயன்படுத்திக்கொண்டும் இருக்கிறார்!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ திருடிப் பிடிபட்டவர் மாதிரி. லிப்ட்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார்.

"ஐயா, என் வீட்டுக்காரர் பயந்து பயந்து பாக்கிறதாலதான் அந்தக் கட்டடத்துல அத்தனை பேரும் பயமில்லாம ஏறி இறங்குறாங்க. அது கணக்குல வராதா?"

"அவர்கள் பயமில்லாமல் இருப்பது அவர்களுடைய பெயர்களுக்குச் சேரும் அம்மா. உங்கள் கணவர் கணக்கில் எப்படி வரும்?" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

பெயர் நிறுத்திவைக்கப்பட்டது. இறுதிப் பரிசோதனை வரைக்கும் யாரும் அந்தப் பெயரால் அவரை அழைக்கக் கூடாது, யாராவது அழைத்தாலும் அவர் ஏனென்று கேட்கக் கூடாது, மீறினால் பெயர் நிரந்தரமாக ரத்து. அதுவரை புழங்குவதற்கு இடைக்காலப் பெயர் ஒன்று கொடுத்தார்கள்: நபர். நிறுத்திவைக்கப்பட்ட எல்லோருக்கும் அதே பெயர்தான். ஆளுக்கொரு இடைக்காலப் பெயர் கொடுத்தால் அதிலும் பொருத்தம் பார்க்க வேண்டிவருமே என்று விளக்கினார்கள். நியாயம்தான்.

லிப்ட்காரரின் மச்சினனும் அதே வாரம் நபர் ஆனான். அவன் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். கள அலுவலர் சொன்ன ஒரு ஜோக்குக்கு அவன் சிரிக்கவில்லை. அந்த ஜோக்கை எனக்கும் சொன்னார். நான் முன்ஜாக்கிரதையாக விழுந்து விழுந்து சிரித்துவைத்தேன்.

வீட்டில் மனைவிக்குச் சிரமமில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க'தான். அம்மாவால்தான் முடியவில்லை. "நபராம், நபர்! நான் என்ன பஸ்ல டிக்கெட் குடுக்கிறவளா, பெத்த புள்ளைய நபர்னு கூப்பிட?" என்றார். பெயரையும் சொல்ல முடியாமல், இதையும் சொல்ல மனம் வராமல், கடைசியில் மகனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டினார்.

ஃபோர்மேன் வேறு வகையில் தவித்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தொழில் என்பதால், விதி மீறப்படுகிறதா என்று பார்க்கக் கள அலுவலர் மோட்டார் அறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சார், ரெண்டு பேரும் நபர்னா யாரைக் கூப்பிடுறேன்னு எப்படித் தெரியும்?" என்று ஃபோர்மேன் கேட்டார். "கூப்பிடுற உங்களுக்குத் தெரியுமில்ல, அது போதும்" என்றார் அலுவலர்.

அன்றைக்கு லிப்ட்காரர் குழியில். ஆபத்து நேரத்தில் பெட்டியை நிறுத்துவதற்குக் குழிக்குள் ஒரு சுவிட்ச் இருக்கும். அதுதான் பழுது, அதைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். மச்சினன் முதல் மாடியில் கதவுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலேயிருந்து ஃபோர்மேன் கத்தினார்: "நபர்!"

"நபர்!" என்றான் மச்சினன்.

அடுத்து குழிக்கான குரல்: "நபர்!"

முதல் தடவை கேட்கவில்லை போலிருக்கிறது என்று மச்சினன் நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக "நபர்!" என்றான். குழிக்குள் இருந்தவருக்கும் இரண்டு கூப்பாடும் காதில் விழுந்தன. இரண்டும் மச்சினனுக்கு என்று நினைத்தார். அந்த வார்த்தையைக் கேட்டால் அவர் உடம்பில் ஒரு மயிர்கூட அசையாது, அதுதான் உண்மை. இரண்டு பதில் வந்தாயிற்று என்று ஃபோர்மேன் பெட்டியை இறக்கினார்.

பெட்டி தன்னைத் தாண்டிக் கீழே போவதைப் பார்த்து மச்சினனுக்கு உயிரே போய்விட்டது. "மாமா!" என்று கத்தினான். குழிக்குள் மாமா என்ற சொல்லுக்குக் காது கொடுக்காமல் பழகியவர் லிப்ட்காரர். "நபர்! நபர்!" என்று கத்தினான். அவர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

தனக்கு எதுவும் தெரியாது என்றுதான் லிப்ட்காரர் பின்னால் சொன்னார். பெயர் காதில் விழுந்தது, உடம்பு தானாகச் சுவரோரம் ஒண்டிக்கொண்டது, ஏன் என்று மூளைக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான். மேலே ஃபோர்மேனும் பெயரைக் கேட்டுப் பதறி மெயின் சுவிட்சை அணைத்தார். பெட்டி அவர் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. மோட்டார் அறையில் கள அலுவலர், "பழைய பெயர், ஒருமுறை, மிக உரக்க" என்று குறித்துக்கொண்டார்.

மறுபடி விசாரணை. கட்டுப் போட்ட கையோடு தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்த லிப்ட்காரரைப் பார்த்துத் தலைவர் கனிவாகவே கேட்டார்.

"குழிக்குள் இருந்து நகர்ந்தீர்களே, பெயரைக் கேட்டு நகர்ந்தீர்களா, பயந்து நகர்ந்தீர்களா? பெயரைக் கேட்டு என்றால், நிறுத்திவைக்கப்பட்ட பெயருக்குச் செவிசாய்த்த குற்றம். பயந்து என்றால், பொருத்தமின்மை மறுபடியும் நிரூபணம். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. ஆணையம் யாரையும் வற்புறுத்துவதில்லை."

லிப்ட்காரர் யோசித்தார். பின்வரிசையிலிருந்து மச்சினன் எழுந்தான். "நகராம இருந்திருந்தா சார்?"

"ஆகா, அருமையான கேள்வி!" தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இத்தனை பேரில் ஒருவராவது கேட்டீர்களே. பெட்டி இறங்கி வருகிறது. நபர் அசையவில்லை. அஞ்சாமைக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அன்று மாலையே பெயரைத் திருப்பிக் கொடுத்திருப்போம். கல்லில் பொறித்தே கொடுத்திருப்போம். நானே நேரில் வந்து மாலை போட்டிருப்பேன். பணிவு எனக்கு அப்படி."

லிப்ட்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், கருணை அடிப்படையில் ஒரேயொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தலைவர் காதில் சொன்னார். வீட்டிலேயே இறுதிப் பரிசோதனை. ஒரு பகல் முழுக்க நபர் எதற்கும் அஞ்சக் கூடாது, பழைய பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. தேறினால் பெயர் அவருக்கே. தவறினால் அன்றோடு சரி.

வீடு திரும்பியதும் லிப்ட்காரர் பயிற்சியில் இறங்கினார். பெயரை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே பிடித்துவிட்டது. "அம்மா தட்டுற டம்ளர் சத்தத்தைக் கேக்க முடியல சார்" என்றார் என்னிடம். பயப்படாமல் இருக்க ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். "நாய் வருது, குரைக்குது. யாரைப் பாத்துக் குரைக்குது? நபரைப் பாத்து. நபருக்கு என்ன ஆனா எனக்கென்ன சார்? அப்படி நெனச்சுக்கிட்டா ஒண்ணுமே தெரியல."

நல்ல யோசனை என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

யோசனை நன்றாகவே பலித்தது. முதலில் நாய்ப் பயம் போயிற்று. பிறகு உயரம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார் ஒருநாள். இறங்குங்கள் என்று கத்தினேன், அவர் புன்னகை செய்தார். மச்சினன் என்னிடம் வந்து புலம்பினான்: "மாமா பயப்படுறப்ப எனக்குப் பயமே இருந்ததில்ல சார். இப்ப அவரோட வேலைக்குப் போகவே திக்குதிக்குங்குது." ஃபோர்மேன் ஒருநாள் அவரை நிறுத்திக் கேட்டாராம்.

"பிரேக் பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டாந்தரம்?"

"எதுக்கு?"

ஃபோர்மேன் கருவிப் பெட்டியை மூடிவிட்டார். "நீ கொஞ்ச நாள் வீட்ல இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

லிப்டை விட்டு மாடிப்படி ஏற ஆரம்பித்திருந்த என்னை லிப்ட்காரரின் மனைவி அங்கே பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு. அதான் எனக்குப் பயமா இருக்கு. நேத்து பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. 'என்னங்க'ன்னு கூப்பிட்டா நிமிந்து பாக்கிறாரு, ஆனா யாரோ பாக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பேர் வராட்டாலும் போகுதுண்ணே. அவர் வந்தாப் போதும்."

இறுதிப் பரிசோதனை நாள் வந்தது. அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னை உட்காரவைத்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி, அதில் லிப்ட்காரர். எதிரே கள அலுவலர். உள்ளறையில் அம்மா. வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலேயே அவரிடம் எல்லோரும் மாறி மாறிச் சொல்லிவிட்டிருந்தோம். சரி சரி என்று தலையாட்டியிருந்தார்.

அலுவலர் காகிதப் பைகளை உடைத்தார். ஒரு கட்டும் தீர்ந்தது. லிப்ட்காரர் கண் சிமிட்டவில்லை. நாய் ஒன்றைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார். அது இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு அலுவலருக்குப் பின்னால் போய்ப் படுத்தது. பல் டாக்டர்கள் உபயோகிக்கிற இடுக்கியை எடுத்து இவர் மூக்குக்கு நேரே ஆட்டினார். இவர் வாயைத் திறந்து காட்டினார்.

"அபாரம்" என்றார் அலுவலர். குரலில் கொஞ்சம் வருத்தம். "இப்பதாங்க உங்களுக்கும் இந்தப் பேருக்கும் பொருத்தம் வந்திருக்கு. பொழுது சாயற வரைக்கும் இப்படியே உக்காந்துட்டீங்கன்னா பேர் உங்களுது. எனக்குக் குடுத்து வைக்கல."

மனைவி சமையலறைக் கதவருகே நின்று கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

பிற்பகலில் வானம் இருட்டியது. காற்று ஜன்னல் கதவை அடித்தது. முதல் இடி தூரத்தில் உருண்டது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. இரண்டாவது இடி எங்கள் தலைக்கு மேலேயே விழுந்தது போல் விழுந்தது, கட்டடம் ஆடியது, கரண்டு போயிற்று.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார்.

நபர் என்று இல்லை. பெயர் சொல்லி. காலையில் தலையாட்டியதெல்லாம் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. லிப்ட்காரர் பிறந்த நாளில் எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே கூப்பிட்டார் என்று எனக்குப் பட்டது.

கள அலுவலர் சட்டென்று பேனாவைக் கையில் எடுத்தார். நான் லிப்ட்காரரைப் பார்த்தேன். அசையவில்லை. அலுவலரைப் பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் நான் கைகூப்பிக்கொண்டிருந்தேன், உட்கார்ந்தே இருக்கட்டும் என்றா எழுந்திருக்கட்டும் என்றா, எனக்கே தெரியவில்லை.

இன்னொரு இடி. அம்மா மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் பாதியில் உடைந்தது. மகன் இல்லையோ, எங்கேயோ போய்விட்டானோ என்ற சந்தேகம் அதில் வந்துவிட்டது.

அப்போதுதான் லிப்ட்காரரின் முழங்கால் நடுங்கியது. முதலில் ஒன்று, பிறகு மற்றது. நடுக்கம் இடுப்புக்கு ஏறி, கைக்கு வந்து, உதட்டுக்கு வந்தது. முகத்தில் ரத்தம் சுண்டியது. நாயைப் பார்த்து "ஐயோ" என்று காலைத் தூக்கிக்கொண்டார். மனைவி அழுதுகொண்டே சிரித்தார். அந்த மனுஷரைத் திரும்பப் பார்த்ததில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எந்திரிக்கப் போறீங்களா?" என்றார் அலுவலர், ஆசையை அடக்க முடியாமல். "எந்திரிச்சா அவ்வளவுதான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றார் லிப்ட்காரர். பல் தந்தியடித்தது. எழுந்து, நாயைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.

"எங்கடா போயிட்ட?" என்ற குரல் கேட்டது.

"இங்கதாம்மா இருக்கேன்."

"கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. பயந்துட்டியா?"

"ஆமாம்மா. ரொம்ப."

"உக்காரு. நான் இருக்கேன்ல."

அலுவலர் எழுதி முடித்தார். லிப்ட்காரர் வெளியே வந்ததும், நபர் என்று கையெழுத்துப் போடச் சொன்னார். கை நடுக்கத்தில் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

பெயர் கள அலுவலருக்கே வழங்கப்பட்டது. சின்ன விழா, நான் போகவில்லை. ஒருவர் பெயரைச் சொல்லி அவருடைய அனுமதியில்லாமல் வேறொருவரை அழைப்பது இப்போது தனிக் குற்றமாம். லிப்ட்காரர் வேலைக்குத் திரும்பினார். அன்றைக்குப் பிரேக்கை மூன்று தரம் பார்த்தார் என்று கேள்விப்பட்டு, நான் மறுபடியும் லிப்டில் ஏற ஆரம்பித்தேன்.

போன வாரம் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது கீழே லிப்ட் வாசலில் அலுவலர் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் மாடிப் பெண்மணி விஷயமாக வந்திருக்கிறார். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேலை நடக்கிறது சார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து மொட்டை மாடியிலிருந்து ஃபோர்மேனின் குரல் லிப்ட் ஓடும் கூண்டு வழியாக இறங்கி வந்தது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கீழே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் அலுவலரின் முகத்தைப் பார்த்தேன்.

அலுவலர் திரும்பவில்லை. பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினார்.

எங்கள் காலுக்குக் கீழே, குழிக்குள்ளிருந்து, கொஞ்சம் நடுங்குகிற குரல் ஒன்று அதே பெயரைத் திருப்பிச் சொன்னது. மேலே மோட்டார் ஓடத் தொடங்கியது.

"யாரையோ கூப்பிடுறாங்க போலிருக்கே?" என்றார் அலுவலர்.

"ஆமா சார்" என்றேன். "உங்களை இல்ல."